யார் தொட்ட இடம்?



அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஓய்வாயிருந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். 35-இல் 1 பங்கு அளவுள்ள டி-34 டாங்கி ஒன்றைப் பிளாஸ்டிக் துண்டுகளால் ஒட்டி வர்ணம் பூசினேன். (ஊழியக்காரனுக்குப் போர் வாகனம் எதற்கு என்று என் மனைவி கேட்டதற்கு இன்னும் பதிலில்லை.)

பழகித் தேய்ந்த இரும்பாகத் தோன்றவேண்டுமென்று விளிம்புகள் எல்லாவற்றிலும் வெள்ளி வர்ணம் தீட்டினேன். சரிகைக் கரை வைத்ததுபோல் ஆயிற்று. என்னைப் பார்க்க வந்த வாலிபன் ஒருவன், "ஐயா, இந்த இடத்தை யார் தொட்டிருப்பார்கள்?" என்றான்.

அந்தக் கேள்வியோடு இரண்டாம் உலகப்போர்ப் படங்களைப் பார்த்தேன். சோவியத் காலாட்படையினர் அந்த டாங்கியின்மேல் ஏறியே போர்முனைக்குச் சென்றார்கள். அவர்கள் பற்றிக்கொள்ளக் கம்பிகள் இருந்தன. வர்ணம் தேய்வது அங்கே. ஆட்கள் ஏறியிறங்கும் மூடியின் விளிம்பிலே. சங்கிலிப் பட்டையிலோ, தரையை மிதிக்கும் மேடுகளும் சக்கரங்களினிடையே உராயும் பற்களும் மாத்திரம் மின்னும். பள்ளங்களில் மண்ணும் துருவும் தங்கும். சில நாள் மழையில் நிறுத்திவிட்டால் அந்த மினுக்கமும் செம்மையேறிவிடும். வெள்ளியைச் சுரண்டி எடுத்தேன். கரும்பழுப்பு பூசிக் காயவிட்டு, 6பி பென்சிலின் தூளை விரல்நுனியில் தொட்டு, உராயும் இடங்களில் மட்டும் தேய்த்தேன். இரும்பு இரும்பாயிற்று.

அன்றிரவு வேதாகமத்தை மூடுகையில் அதன் ஓரம் கண்ணில் பட்டது. சங்கீதங்களும் ரோமரும் விரல்பட்டுக் கறுத்திருந்தன. எரேமியாவுக்கு அடுத்து ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் பொன்முலாம் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது. புலம்பல்; ஐந்தே அதிகாரங்கள்.

மகனைப் பறிகொடுத்த நம் சபைச் சகோதரி ஒருவர், அடக்க ஆராதனை முடிந்த வாரத்தில், அதைத் தம்மோடு உட்கார்ந்து வாசிக்கும்படி என்னிடம் கேட்டிருந்தார். நானோ ரோமர் எட்டாம் அதிகாரத்தை வாசித்து, ஜெபித்து, எழுந்து வந்துவிட்டேன். ஆறுதல் சொன்னதாகவே எண்ணியிருந்தேன். அதுவும் வெள்ளி வர்ணந்தான்.

சென்ற வியாழனன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பாயை விரித்தார். தாள்கள் ஒட்டியிருந்தபடியால் விரலால் பிரிக்கவேண்டியிருந்தது. இரண்டாம் அதிகாரத்தோடு நிறுத்தினோம். அதற்குமேல் இருவராலும் வாசிக்க இயலவில்லை. அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். மூன்றாம் அதிகாரத்தில் 66 வசனங்கள் உண்டு. வருகிற வியாழனன்று மறுபடியும் போகிறேன். எங்களிருவரையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.