வாசலில் ஒரு ஸலாம்

என் வாப்பா எங்களுக்குக் கற்றுத் தந்த முதல் ஒழுக்கம், பிறர் வீட்டு வாசலில் நிற்கும் முறையே. கதவு திறந்து கிடந்தாலும் உள்ளே நோக்கலாகாது. ஓரமாக ஒதுங்கி நின்று ஸலாம் சொல்ல வேண்டும். மும்முறை சொல்லியும் மறுமொழி வாராவிடின் மனத்தாங்கலின்றித் திரும்பிவிட வேண்டும். இளமை முதல் பேணி வந்த இவ்வொழுக்கத்தை 2020ஆம் ஆண்டில் நான் மீறினேன். அதுவும் ஆசிரியன் என்னும் உரிமையோடு!

பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் கைப்பேசி வழியே நடந்தன. மாணவர் பாடம் கேட்கின்றனரோ, உறங்குகின்றனரோ என்னும் ஐயத்தால், அனைவரும் கேமராவை இயக்கியே ஆக வேண்டுமென்று கண்டிப்பாகக் கூறினேன். ஒரு மாணவி மட்டும் தயங்கினாள். "ஐயா, எங்கள் வீட்டில் ஒரே அறைதான்" என்றாள் தாழ்ந்த குரலில். நான் இசையவில்லை. அடுத்த நொடி, திரையில் அவள் முகத்திற்குப் பின்னே, பாயில் நோயுற்றுக் கிடந்த மூதாட்டியும், ஏதுமறியாது அவருடைய உடலைத் துடைத்துக்கொண்டிருந்த தாயும் தெரிந்தனர். நிமிர்ந்து பார்த்த அத்தாய் பதறித் தம் தலையை மூடிக்கொண்ட காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஸலாம் சொல்லாமல், ஒரு வகுப்பையே அழைத்துக்கொண்டு அவ்வீட்டினுள் நுழைந்தவன் நானன்றோ?

அன்று நான் நடத்திய பாடம் அகத்திணை. அகப்பாடல் மாந்தரின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. வீட்டையும் உள்ளத்தையும் 'அகம்' என்ற ஒரே சொல்லால் குறித்த மொழியின் ஆசிரியன், அன்று அச்சொல்லின் பொருளை மறந்தான்.

அறிமுகமற்ற உளவாளிகளுக்கே நாம் அஞ்சுகிறோம். உரிமையாளர் அறியாமல் கேமராவையும் மைக்ரோஃபோனையும் இயக்கவல்ல பெகாசஸ் என்னும் மென்பொருள் பற்றி 2021இல் பல நாட்டு இதழ்கள் எழுதின. அவ்வச்சம் நியாயமே. ஆயின் நன்னோக்கம் கூறுவோரும் எல்லை மீறுவதுண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி நிருவாகம், காணாமற்போகும் மடிக்கணினிகளைக் கண்டறியவென அமைத்த மென்பொருள், மாணவரை அவர்தம் வீட்டிலேயே படமெடுத்தது. 2010இல் அது வழக்காயிற்று. நம் நாட்டில் 2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

2020இல் வந்த ஐஓஎஸ் 14, 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதலாக, கேமராவோ மைக்ரோஃபோனோ இயங்குகையில் திரையின் மேற்பகுதியில் ஒரு சிறு நிறப்புள்ளி தோன்றுகிறது. அதைக் கவனியுங்கள். தேவையற்ற செயலிகளுக்கு அளித்த அனுமதியை நீக்குங்கள். எனினும், புள்ளியைக் காண்பவர் கைப்பேசியை ஏந்தியவர் மட்டுமே; பின்னே பாயில் கிடப்பவர் காண்பதில்லை. கைப்பேசி ஒருவருடையது, அதன் கண்ணும் செவியும் எட்டும் வீடோ பலருடையது.

மறுநாள் அம்மாணவியிடமும், அவள் வழியே அத்தாயிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்றுமுதல் என் வகுப்பில் கேமராவை இயக்கும் கட்டாயம் இல்லை. மாணவச் செல்வங்களே! விடுதி அறையிலாயினும் விருந்து வீட்டிலாயினும், கைப்பேசியை உயர்த்துமுன் ஒருமுறை கேளுங்கள். மறுமொழி வாராவிடின் அதைத் தாழ்த்திவிடுங்கள். அதுவே இக்காலத்து வாசலில் நாம் சொல்லும் ஸலாம்.