சாவும் நோவும்

உயர்தர வகுப்பிலே புறநானூறு கற்பித்துக்கொண்டிருந்தோம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த வரலாறு அன்றைய பாடம். பெற்ற மைந்தரே பகைவராய் எழுந்தமையும், மன்னன் உயிர்விடத் துணிந்தமையும், முன்பின் கண்டிராத பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து அவனோடு அமர்ந்தமையும் கூறி, மானத்தின் பெருமையையும் நட்பின் பெருமையையும் விரித்துரைத்தோம். ஆண்டுதோறும் சொல்லி எமக்கு மனப்பாடமாகிவிட்ட உரை அது. அப்பொழுது கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சேர், அப்பிடிச் சாகேக்கை அவருக்கு நோகேல்லையோ?"

வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. புலவர்கள் மானத்தைப் பாடினார்கள், நோவைப் பாடவில்லை என்று ஏதோ விடை கூறி அடுத்த செய்யுளுக்குப் போய்விட்டோம். ஆனால் மணியடிக்கும் வரையில் அக்கேள்வி எம்மை விட்டகலவில்லை. அது எமக்குப் புதிய கேள்வியன்று. எமது சொந்தக் கேள்வி.

பட்டம் பெற்ற பின் இரண்டாண்டுகள் நாம் வேலையின்றி இருந்தோம். தந்தையார் காணியை ஈடு வைத்து எம்மைப் படிப்பித்தவர். அந்தக் காணி கைவிட்டுப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இரவுகளில் உறக்கம் வராது. இல்லாமற் போய்விட்டால் என்ன என்ற எண்ணம் முதலில் விருந்தாளிபோல் வந்தது; பின்னர் வீட்டுக்காரனாய்க் குடியிருந்தது. அந்த எண்ணத்தோடு கூடவே ஓர் அச்சமும் வந்தது. நோகுமா? எவ்வளவு நேரம் நோகும்? இவ்வாறு அஞ்சியதற்காக நாம் எம்மையே வெறுத்தோம். வாழவும் துணிவில்லை, சாகவும் துணிவில்லை என்று எமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

ஓரிரவு கிணற்றடியில் இருந்தபோது தமக்கையார் வந்து அருகில் அமர்ந்தார். அவர் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர். சுற்றி வளைக்காமல் கேட்டார்: "தம்பி, நீ சாக நினைக்கிறியோ?"

எமக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்த அந்தச் சொல்லை மற்றொருவர் வாயிற் கேட்டவுடன் நெஞ்சு சற்று இளகியது. ஓம் என்றோம். அதற்கும் பயமாய்க் கிடக்கு என்றோம்.

"பயமெண்டால் நல்லது. இண்டைக்கு எங்களோடை விறாந்தையிலை படு. விடிய ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அறிவுரை ஒன்றும் அவர் சொல்லவில்லை. விடிந்ததும் சொன்னபடியே அழைத்துச் சென்றார். மருத்துவரிடம் பல மாதங்கள் போய்வந்தோம். காணி எப்படியும் போயிற்று, நாம் இருக்கிறோம்.

இன்று எண்ணிப் பார்க்கையில், நாம் கோழைத்தனம் என்று இகழ்ந்த அச்சம் கோழைத்தனமன்று என்பது விளங்குகிறது. நோவுக்கு அஞ்சுபவன் வேண்டுவது நோவின் முடிவையே, உயிரின் முடிவையன்று. தாங்க முடியாத ஒரு துன்பத்திலிருந்து விலகும் வழி வேறொன்றும் கண்ணிற் படாதபோது, அவன் சாவை வழியென்று மயங்குகிறான். உடலோ அந்த மயக்கத்துக்கு உடன்பட மறுக்கிறது. ஆயினும், அந்த அச்சம் ஒன்றையே காவலாக நம்பியிருக்கலாகாது. ஒரு கெட்ட நாழிகையில் அது தளர்ந்துபோகும். அந்த நாழிகையிற் பக்கத்தில் மனிதர் வேண்டும்.

இது வெறும் ஆறுதல் மொழியன்று. எமது நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. பின்னர், கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் மூன்றிலொரு பங்கிற்கும் கீழே இறங்கியது. அதற்குள் வறுமை ஒழிந்துவிடவில்லை. 2009 வரையில் போரும் ஓயவில்லை. கெட்ட நாழிகையில் நஞ்சு கைக்கெட்டாது போனமையால் பல்லாயிரவர் உயிர் தப்பினர். அவ்வாறு தப்பியோரிற் பெரும்பாலானோர் பின்னரும் சாவை நாடுவதில்லை என்பதையே மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. சாக விரும்பியவர் அனைவரும் சாவையே விரும்பினர் என்றால் இது நிகழ்ந்திருக்குமா?

தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. சட்டம் கைவிட்ட பழியை ஊர்வாய் இன்னும் கைவிடவில்லை. ஒருபுறம் கோழை என்கிறது. மறுபுறம் மானத்துக்காக மாண்டவரைப் போற்றுகிறது. அந்தப் போற்றுதலில் தமிழாசிரியராகிய எமக்கும் பங்குண்டு.

அன்று பாடசாலை விட்டதும் அம்மாணவனை வேப்பமரத்தடிக்கு அழைத்தோம். நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுவர். அவ்வாறு விதைப்பதில்லை என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. தமக்கையார் கேட்டவாறே கேட்டோம்.

"தம்பி, சாகவேணுமெண்ட நினைப்பு உமக்கு வாறதோ?"

நெடுநேரம் நிலத்தைப் பார்த்திருந்தான். "வாறது சேர். நோகுமெண்டு பயம்."

தாயார் நுண்கடன் எடுத்திருந்தார். கிழமை தவறாமல் வசூலிக்க வருவோர் படலையில் நின்று அயல் கேட்கச் சத்தமிடுவார்கள். தான் ஒருவன் குறைந்தால் ஒரு வயிற்றுச் செலவு குறையும் என்று அப்பதினெட்டு வயதுப் பிள்ளை கணக்குப் பார்த்திருக்கிறான்.

"அந்தப் பயத்தை விடாதையும். மற்றதை எல்லாருமாய்ச் சேர்ந்து பாப்பம்" என்றோம். அன்று மாலை அவனோடு வீட்டுக்குச் சென்றோம். மறுநாள் தாயாரும் நாமும் அவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். எவரும் அருகில் இல்லாத இரவில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம் என்பதையும் அவனுக்குச் சொல்லி வைத்தோம்.

கடன் இன்னும் தீரவில்லை. ஏழைப் பெண்களின் கழுத்தை நெரிக்கும் அந்த வட்டியை எதிர்த்து ஊரவர் ஒன்றுகூடாதவரை அது தீரப்போவதுமில்லை. ஆனால் அவன் வகுப்புக்கு வருகிறான். கடைசி வாங்கை விட்டு முன்வாங்குக்கு மாறியிருக்கிறான்.

அடுத்த ஆண்டும் கோப்பெருஞ்சோழனைக் கற்பிப்போம். மானத்தைச் சொல்வோம், நட்பையும் சொல்வோம். பின்னர் சற்று நிறுத்தி, அன்று அவன் கேட்ட கேள்வியை நாமே வகுப்பிடம் கேட்போம். சிரிக்காதிருக்கும் முகம் எதுவென்று பார்ப்போம்.