மம்சாபுரம் டு மெல்போர்ன்!

''மாப்ள, ஓசியில ஃப்ளைட் டிக்கெட் கிடைச்சா எந்த ஊருக்குடா போவ?''

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனவன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சும்மா இல்லாமல் கொளுத்திப் போட்ட கேள்வி இது. ஊர், மம்சாபுரம். பக்கத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. அதற்கு அந்தப் பக்கம் கேரளா. எங்க செட்டில் பாதிப் பேருக்கு உலகம் அந்த மலையோடு முடிஞ்சிடும்!

''சுவிட்சர்லாந்து!'' என்றான் ஒருத்தன். ஏன்டான்னு கேட்டா, ''எல்லா டூயட்டும் அங்கதானே மச்சி!''

இன்னொருத்தன், ''கிளிமஞ்சாரோ!'' என்றான். காரணம், 2010-ல் வந்த 'எந்திரன்'. ''டேய், அந்தப் பாட்டு எடுத்தது பெரு நாட்டு மச்சு பிச்சுல. கிளிமஞ்சாரோ இருக்கிறது தான்சானியாவுல. நடுவுல ஒரு கடலே இருக்கு. டிக்கெட்டை மாத்தி எடுத்துடாத!'' என்றதும் பார்ட்டி கப்சிப்.

டீ மாஸ்டர் அண்ணன் மட்டும் கிளாஸைக் கழுவிக்கிட்டே, ''எனக்கு காசி போதும் தம்பி'' என்றார். கன்னியாகுமரியில் இருந்து மதுரை வழியா பனாரஸுக்கு 2023 டிசம்பரில் விட்ட வாராந்திர ரயில் வரைக்கும் விசாரிச்சு வெச்சிருக்கார். ''போக வேண்டியதுதானே?'' ''கடையை யாருப்பா பார்க்குறது?''

நான் இதைக் கேட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க வீட்டில் நிஜமாவே ஒரு ஓசி டிக்கெட் காத்துக்கிட்டு இருந்துச்சு. அக்கா மெல்போர்னில் இருக்கா. ''மே, ஜூன் ரெண்டு மாசம் வந்து இரும்மா. டிக்கெட் என் செலவு'' என்று போனில் ஒரே நச்சரிப்பு. அம்மா சொன்ன பதில் ஒரே வார்த்தை... ''பார்ப்போம்.''

எங்க வீட்டு டிக்ஷனரியில் 'பார்ப்போம்' என்றால், 'மாட்டேன்'!

இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரு பயணம் போறதை எதெல்லாம் தடுக்கும்னு நோட்டில் லிஸ்ட் போட்டேன். 1977-ல் கிரஹாம் டேன் என்கிற ஆய்வாளர், பயணத்துக்கு ரெண்டு விசை இருக்குன்னு எழுதினார். நம்மை வீட்டில் இருந்து தள்ளுறது ஒண்ணு, அந்த ஊர் நம்மை இழுக்கிறது இன்னொண்ணு. அம்மாவை இழுக்கிறதுக்கு ஒன்றரை வயசுப் பேத்தி இருக்கா. அதைவிடப் பெரிய விசை நியூட்டனுக்கே தெரியாது. அப்போ, உராய்வு எங்கே?

பணம்: அக்கா பார்த்துக்குவா. டிக்.

பேப்பர்: மலேசியா மாதிரி நாடுகள் 2023 டிசம்பரில் இருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு சொல்லிடுச்சு. ஆஸ்திரேலியாவுக்கு விசா கட்டாயம். அதுக்கு முதல்ல பாஸ்போர்ட் வேணும். ஃபீஸ் 1,500 ரூபாய். ஃபாரத்தை நான் ஃபில் பண்ணி ரெடியா வெச்சிருந்தேன். அம்மா 'சரி'ன்னு சொன்னா அப்பாயின்ட்மென்ட் போடணும், அவ்வளவுதான்.

சீசன்: நமக்கு அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது அங்கே இலையுதிர் காலம். ஜூனில் குளிர் ஆரம்பம். ''ஸ்வெட்டர் போட்டுக்கிட்டாப் போச்சு'' என்றாள் அம்மா.

உடம்பு: கடிகாரத்தை நாலரை மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கணும். தூக்கம் சரியாக நாலஞ்சு நாள் ஆகலாம். ''நாலு மணிக்கு எந்திரிச்சு வாசல் தெளிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாய்யா?''

சாப்பாடு: இங்கேதான் சின்ன சோகம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மெல்போர்னுக்குக் கொண்டு போக முடியாது. கோமாரி நோய் பயத்தில் நம்ம ஊர் பால் இனிப்புகளை ஆஸ்திரேலியா உள்ளே விடுறதில்லை. அம்மா முகம் கொஞ்சம் வாடுச்சு. ''அப்போ புள்ளைக்கு என்னத்தைக் கொண்டு போறது?''

கவனிச்சீங்களா? மனசு ஏற்கெனவே பெட்டி கட்டிடுச்சு! அப்புறமும் ஏன் 'பார்ப்போம்'?

அன்னிக்கு ராத்திரி கரன்ட் கட். திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். விசிறிக்கிட்டே அம்மா தானா ஆரம்பிச்சா.

''உங்க அப்பாவுக்கு மாங்கா சீசன். தோப்பை விட்டு நகர மாட்டாரு. சிங்கப்பூர்ல இறங்கி வேற பிளேன் மாறணுமாமே... அது எங்க நிக்கும்னு நான் யாருகிட்டய்யா கேப்பேன்? ஆடிப்பூரத் தேருக்குக்கூட நான் தனியாப் போனதில்லையே!''

எனக்கு சுருக்குன்னுச்சு. நாற்பத்தேழு வயசு. பக்கத்தில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்குக்கூட அப்பாவோ, நானோ, சித்தியோ துணைக்கு. என்னைப் பதினேழு வயசில் தயிர் சாதம் கட்டிக் கொடுத்து பொதிகை எக்ஸ்பிரஸில் தனியா சென்னைக்கு அனுப்பினது இதே அம்மாதான். 'நீ தனியாப் போறியா?' என்று அவளை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதே இல்லை. நான் உட்பட! என் நோட்டில் அந்தப் பாயின்ட்டே இல்லை.

மறுநாள் ஒரு ஐடியா. ''அம்மா, இங்கேருந்து வில்லிபுத்தூர் பஸ் ஏறு. இறங்கி, போர்டு படிச்சு, மதுரை பஸ்ஸுக்கு மாறு. டிரான்சிட்னா இவ்வளவுதான். பாஸ்போர்ட் ஆபீஸுக்கு நீ மட்டும் போயிட்டு வா.''

அப்பா முறைச்சார். அம்மா ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள், ''தேதி போடு'' என்றாள்.

போன அன்னிக்கு நானும் அப்பாவும் போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்கு, ''மதுரை வந்துட்டேன்.'' மூணு மணிக்கு, ''வேலை முடிஞ்சுது.'' அப்புறம் ஆறு மணி வரைக்கும் போனே இல்லை. அப்பா பஸ் ஸ்டாப்புக்கே போயிட்டார். ஏழு மணிக்கு அம்மா பஸ்ஸில் இருந்து கையில் ஒரு பையோடு இறங்கினா. ''வர்ற வழியில கோயில்ல ஆண்டாளைப் பார்த்துட்டு வந்தேன். என்ன இப்போ?''

தனியா! அதுவும் யாரையும் கேட்காம!

இப்படி முதல்முறை போறவங்க வீட்டில் இருந்தா ஒரு தகவல்... டிக்கெட் போடும்போதே சொன்னால், விமானம் மாறும் இடத்தில் கூட்டிப் போக ஆள் ஏற்பாடு செய்கிற வசதி பல ஏர்லைன்ஸில் உண்டு. ஃப்ளைட் நம்பர், போற ஊர், அக்கா போன் நம்பர் எல்லாம் ஒரு அட்டையில் பெருசா எழுதிக் கொடுத்துடுங்க. எங்க வீட்டு அட்டையை அம்மா அவளே தன் கையெழுத்தில் எழுதி வெச்சிருக்கா.

பாஸ்போர்ட் தபாலில் வந்துடுச்சு. பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில் பத்திரம். விசா இனிமேல்தான். கிடைக்குமா, இந்த மே மாசமே போக முடியுமா, தெரியாது. ஆனா, யாராவது கேட்டால் அம்மா இப்போ 'பார்ப்போம்' சொல்றதில்லை.

நேத்து போனில் கேட்டா, ''ஏய்யா, மெல்போர்ன்ல அக்கா வீட்டு வாசல்ல நின்னா மலை தெரியுமா?''

''தெரியலையேம்மா. நீ போய்ப் பார்த்துட்டு எனக்குச் சொல்லு!''

உங்க அம்மா கடைசியா தனியா எந்த ஊருக்குப் போனாங்க ஃப்ரெண்ட்ஸ்? இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனா, கேட்டுப் பாருங்களேன்!