அந்தி மணி

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்குத் தலவில புனித அன்னம்மாள் திருவிழா என்பது ஒரு செய்தி. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் திரளும் யாத்திரிகர்களைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறேன். எந்த ஆயர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார், குடிநீர் போதுமாயிருந்ததா, பேருந்துகள் நேரத்திற்கு வந்தனவா என்பதெல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கும். "ஒருமுறையாவது அங்கே முழந்தாளிட்டீர்களா?" என்று என் மனைவி கேட்டபோது பதில் சொல்ல இயலவில்லை.

சிலாபக் கரையில் வாழ்ந்த என் அம்மம்மாவிடம் இந்தக் கேள்வி எழுந்திராது. கோவிலில் திரிகால மணி ஒலித்ததும், கருவாட்டிற்கு மீன் பிளந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைப்பார். அங்கேயே நின்று செபிப்பார். மீண்டும் கத்தியை எடுப்பார். இரண்டு நிமிடங்கள்கூட ஆகாது. மீன் நாற்றக் கையோடு செபமா என்று சிறுவனாக இருந்தபோது கேட்டேன். "ஆண்டவர் கூப்பிட்ட நேரம் இராயப்பர் கையிலும் இந்த நாற்றந்தானே மகன் இருந்தது" என்றார். மறையியல் கற்ற எவரும் எனக்கு இதைவிடத் தெளிவாக விளக்கியதில்லை.

இவ்வழக்கத்தின் பெறுமதியை நம் வரலாறு அறியும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் 1687இல் வந்திறங்கும்வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பூசையுமில்லை, பாவசங்கீர்த்தனமுமில்லை. கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகச் சென்ற அவர், அதனை அடையாளங்கண்டு கதவு திறந்தோரைக் கண்டுகொண்டார். அந்த மாலையை அவர்கள் மறவாதிருந்ததற்கு வீட்டுச் செபமன்றி வேறென்ன காரணம் இருக்கமுடியும்?

பின்னர் கண்டி இராச்சியத்துக்குட்பட்டிருந்த புத்தளத்திற்கு வந்த அடிகளார், 1692இல் அங்கிருந்து கண்டிக்குச் சென்று, ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். 1697இல் அங்கே அம்மை நோய் பரவியபோது, உறவினரே கைவிட்டோரின் புண்களைக் கழுவினார். அவரது செபம் எங்கே முடிந்தது, பணிவிடை எங்கே தொடங்கியது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாதென்றே எண்ணுகிறேன். 2015இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதையும் நான் செய்தியாகவே எழுதினேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும் வேறிடங்களிலும் குண்டுகள் வெடித்தன. அவ்வாரம் முழுவதும் என் வேலை எண்ணிக்கை. 359 என்று அச்சிட்டதை, சுகாதார அமைச்சின் திருத்தத்தின் பின்னர் 253 என்று மாற்றினேன். அடுத்த ஞாயிறன்று கோவில்களில் திருப்பலி இல்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் கண்டோம். அன்று மாலை செபமாலையை நடத்தும்படி வீட்டார் என்னிடம் சொன்னார்கள். இரண்டாவது தேவ இரகசியத்திற்குப் பின் என்ன வருமென்று எனக்குத் தெரியவில்லை. எந்த நாளில் எந்த எண்ணிக்கை வெளியானது என்பதை வரிசைப்படி ஒப்புவிக்கக்கூடிய நான், வாய்திறவாது இருந்தேன். என் மகள் மெல்ல எடுத்துக்கொடுத்தாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் நானல்லன்.

அதன்பின் பெரிதாக எதையும் நான் மாற்றிவிடவில்லை. தியானத்திற்குச் சென்று உருகித் திரும்பி, மறுவாரமே பழைய மனிதராகும் நண்பர்கள் எனக்குண்டு. அவ்வகையான பக்தியில் எனக்குச் சற்று அவநம்பிக்கை. அம்மம்மாவின் இரண்டு நிமிடங்களை மட்டும் கடன் வாங்கியிருக்கிறேன். மாலை ஆறு மணி பத்திரிகை அலுவலகத்தில் மிகப் பொல்லாத நேரம். பக்கங்கள் முடியும் வேளை. மணியோசை அங்கே கேட்பதில்லை, சுவர்க்கடிகாரந்தான். கண்களை மூடினால் பாதிச் செபத்தில் முதற்பக்கத் தலைப்பு வந்து நிற்கிறது. அதைத் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்குகிறேன்.

நேற்றும் அப்படித்தான். "ஐயா, தலைப்பு?" என்று உதவி ஆசிரியர் மேசையருகே வந்து நின்றார்.

"இரண்டு நிமிடம் பொறும், தம்பி" என்றேன்.