நண்டலாற்றுக்கு அப்பாலும் இப்பாலும்

திருவேட்டக்குடிக்கு வடக்கே சிறிது தொலைவில் நண்டலாறு ஓடுகிறது. இப்பால் காரைக்கால்; அப்பால் தமிழ்நாட்டின் பொறையாறும் தரங்கம்பாடியும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரு கரைக்கும் பொதுவாதலின், அதனை ஓர் எல்லையென நாம் எண்ணியதில்லை. 1975ஆம் ஆண்டில்தான் அந்த எண்ணம் நமக்கு வந்தது.

அவ்வாண்டு ஜூன் 25 இரவு, குடியரசுத் தலைவர் மர்ஹூம் பக்ருத்தீன் அலீ அகமது அவர்கள் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார்கள். மறுநாள் காலை வானொலியில் பிரதமர் இந்திரா காந்தியின் குரல் ஒலித்தது. தேநீர்க் கடையில் குழுமியிருந்த நானாமார் எவரும் திடுக்கிடவில்லை. "இனி ரயிலாவது நேரத்திற்கு வரும்" என்றார் ஒருவர். நாமும் சிரித்தோம். அப்பொழுது நமக்கு வயது இருபது.

அந்த அமைதிக்குக் காரணம் உண்டு. புதுவை மாநிலத்தில் 1974 மார்ச்சில் பதவியேற்ற இராமசாமி அமைச்சரவை ஒரு மாதங்கூட நிலைக்கவில்லை. மார்ச் 28இல் வந்த குடியரசுத் தலைவர் ஆட்சி 1977 ஜூலை வரை நீடித்தது. சட்டமன்றமின்றி ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து பழகிய நமக்கு, நாடாளுமன்றத்தின் குரல் அடங்கியது பெரிதாகத் தோன்றவில்லை. வரி கட்டினோம், வலை வீசினார்கள், ஐவேளையும் பாங்கொலி கேட்டது. வேறென்ன குறை?

ஜெர்மானியரின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபொழுது இந்த இடத்தில்தான் நமது நெஞ்சு நின்றது. ஹிட்லர் 1933 ஜனவரி 30இல் பிரதமரானதைத்தான் யாவரும் கூறுவர். ஆயின் 1930 முதலே அந்நாட்டுத் தலைவர் ஹிண்டன்பர்க், அரசியலமைப்பின் 48ஆம் பிரிவைக் கொண்டு அவசர ஆணைகளால் ஆட்சி நடத்த இடமளித்துவிட்டார். 1932இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்தே. ஆணைகளோ ஐம்பதுக்கு மேல். மன்றமில்லாமலும் பொழுது விடியும் என்று மக்கள் பழகியிருந்தார்கள். 1933 மார்ச் 23இல், சட்டமியற்றும் அதிகாரத்தையே ஹிட்லரின் அரசுக்கு ஈந்த மசோதா 444 வாக்குகளால் நிறைவேறியது. கம்யூனிஸ்டுகள் அவைக்கு வரவே விடப்படவில்லை. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். சிறுபான்மையினரான கத்தோலிக்கரின் மத்தியக் கட்சியோ, தம் கோவில்களுக்கும் பள்ளிகளுக்கும் தீங்கு வாராது என்ற வாக்குறுதியை நம்பி ஆதரவாகக் கை தூக்கியது. அவ்வாண்டு ஜூலையிலேயே அக்கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொள்ள நேர்ந்தது. நம் சமுதாயத்தார் இதனை இருமுறை படிக்க வேண்டும்.

இந்திரா அம்மையாரை ஹிட்லரோடு நிறுத்துவது நமது கருத்தன்று. அவர் தேர்தல் நடத்தினார், தோற்றார், விலகினார். ஜெர்மனியில் அவ்வழியே அடைபட்டது. பழக்கம் எங்ஙனம் மனிதரை ஊமையாக்குகிறது என்பதே நமது பேச்சு.

ஆற்றுக்கு அப்பால் நிலைமை சற்று வேறாயிருந்தது. கலைஞர் கருணாநிதியின் அரசு நெருக்கடி நிலையைக் கண்டித்தது. 1976 ஜனவரி 31இல் அவ்வரசும் கலைக்கப்பட்டது. இரு கரையும் ஒன்றாயின. நம்முடன் கல்லூரியில் படித்த பொறையாற்றுத் தோழரை 'மிசா'வில் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் கழித்து, அஸர் தொழுது திரும்பிய வேளையில், அவருடைய தாயார் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். "நீ படித்த பிள்ளை, கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தா தம்பி" என்றார். தாளும் பேனாவும் உள்ளே இருந்தன. நமது கையெழுத்தை யாரேனும் அடையாளம் கண்டால் என் செய்வது என்ற அச்சம் எழுந்தது. நாளை வரச் சொன்னோம். அந்த அம்மையார் வரவில்லை.

சென்னைச் சிறையில் நடந்தவை அப்பொழுது செய்தித்தாளில் வரவில்லை. அங்கே தாக்கப்பட்டவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். பின்னர் அக்கொடுமைகளை விசாரித்து உலகறியச் செய்தவர், நமக்கு அண்டை ஊரான நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல். பிரகடனத்தில் கையொப்பமிட்டவரும் ஒரு முஸ்லிம். அதன் கொடுமையை ஏட்டில் பதித்தவரும் ஒரு முஸ்லிம். அந்த அறிக்கை பற்றிய செய்தியைப் படித்த நாளில், எழுதாத மனுவே நம் கண்முன் நின்றது.

1977 மார்ச்சில் வடபுலம் நெருக்கடி நிலையைத் தூக்கி எறிந்தது. தெற்கே தமிழ்நாட்டில், காங்கிரசும் அண்ணா தி.மு.க.வும் சேர்ந்த அணி 39 இடங்களில் 34ஐ வென்றது; புதுவைத் தொகுதியும் அவ்வணிக்கே. அதுவே நமது முதல் வாக்கு. அதை யாருக்கு அளித்தோம் என்பதை இன்றளவும் நம் வீட்டாரிடம் சொன்னதில்லை.

தோழர் விடுதலையாகி வந்து நம் திண்ணையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மனுவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவருடைய தாயார் அதைச் சொன்னாரா, மறைத்தாரா என்று கேட்க நமக்கும் நா எழவில்லை.