என் உள்ளங் கவர்ந்த வேடங்கள்

நடிகர் ஒருவரைப் போற்றி எழுதுதல் தமிழ் பயிலும் மாணவனுக்குத் தகுமோ என்று, இக்கட்டுரையின் தலைப்பைக் கண்ட அளவில் அன்பர் சிலர் ஐயுறக்கூடும். இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துக் கற்கும் நாம், நாடகத்தை ஏட்டளவில் மட்டும் போற்றிவிட்டுக் கண்முன் நிகழ்வதைப் புறக்கணித்தல் முறையாகாது என்பதே அவர்க்கு யான் கூறும் விடை. ஆதலின், நடிகர் விஜய் சேதுபதி தாங்கிய வேடங்களுள் என் நெஞ்சை விட்டகலாத சிலவற்றைப்பற்றி ஈண்டு எழுதத் துணிந்தேன். அவற்றுள் ஒன்று என் தந்தையாரை எனக்குக் காட்டித் தந்தது. அதனையும் மறையாமல் உரைப்பேன்.

இவர் 1978-ஆம் ஆண்டு இராசபாளையத்திற் பிறந்து, சென்னை எண்ணூரில் வளர்ந்தவர். கடையில் விற்பனையாளராகவும், உணவுக்கடையிற் காசாளராகவும், தொலைபேசி நிலையத்திற் பணியாளராகவும் இளமையிலே உழைத்தார். பின்னர்த் துபாய் நகரிற் கணக்கெழுதினார். தாயகம் திரும்பியபின் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவிற் சேர்ந்ததும் கணக்கர் என்ற நிலையிலேயே. பிறர் நடிக்க, அதனை ஓரமாக இருந்து கண்டு கற்றவர் அவர். திரையிலும் முதலிற் கிடைத்தவை பெயரில்லாச் சிறு வேடங்களே. உழைப்பாளியின் உடல் எவ்வாறு நிற்கும், எவ்வாறு களைக்கும் என்பதை அவர் நூலிற் படித்தறிந்தவர் அல்லர்.

அவர் கதைத்தலைவராக முதன்முதல் தோன்றிய படம் 2010-இல் வெளிவந்த 'தென்மேற்குப் பருவக்காற்று'. சீனு இராமசாமி இயக்கிய அப்படம் எங்கள் தேனிச் சீமையின் கதை. முருகையன் என்னும் ஆடு மேய்க்கும் இளைஞன் அதிற் கதைத்தலைவன். அவன் வீரன் அல்லன். தாயின் உழைப்பிற் பாதியை வீணாக்கித் திரிபவன். தாயாக நடித்த சரண்யாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழிற் சிறந்த படம் என்ற விருதும் அப்படத்திற்கே உரியதாயிற்று. விஜய் சேதுபதிக்கு விருது ஒன்றும் இல்லை. ஆயின், அத்தாயின் பெருமை விளங்கும்படி அவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டு நடித்திருக்கிறார். முதற்படத்திலேயே பிறர்க்கு இடம்விட்டு நிற்பது எளிதன்று.

அடுத்து, 2014-இல் வந்த 'பண்ணையாரும் பத்மினியும்' படத்தில் ஓட்டுநர் முருகேசன். பண்ணையார் தாமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் தமக்கு அவ்வண்டியில் இடமில்லாமற் போகுமே என்று அவன் அஞ்சுகிறான். சிறிய அச்சந்தான், காண்போர் நகைக்கின்றனர். ஆனால், பிறர் பொருளைத் தம் பொருளினும் மேலாகப் பேணிப் பிழைப்பவர் அனைவர் நெஞ்சிலும் அவ்வச்சம் உண்டு. நகைப்பு அடங்கியபின் எஞ்சி நிற்பது அதுவே.

இங்கிலாந்து தேசத்திலும் இதனையொத்த ஒருவர் உண்டு. மைக்கேல் கெயின் என்பவர் இலண்டன் மீன் அங்காடியிற் சுமை தூக்கிய ஒருவர்க்கு 1933-இல் மகனாகப் பிறந்தார். 1964-இல் 'ஜூலு' என்னும் படத்தில் உயர்குடிப் படையதிகாரியாக நடித்துப் புகழெய்தினார். 1966-இல் 'ஆல்ஃபி' என்னும் படத்திலோ, தாம் பிறந்த தெருவின் பேச்சையே பேசினார். உயர்ந்தோர் வேடம் புனைவது ஒரு திறம். தம் மக்கள் பேச்சை நாணாது பேசுவது வேறொரு திறம். பின்னதே எனக்கு அரிதாகத் தோன்றுகிறது.

நிற்க. வேடம் தாங்காது விடுதலும் ஒரு வேடம் என்பேன். 2018-இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்திற்கு இவர் பொருள் முதலிட்டார். கதைத்தலைவன் இரங்கசாமியாக நடித்தவர் ஆண்டனி. இயக்கியவர் லெனின் பாரதி. ஏலக்காய் மூட்டையைத் தோளிற் சுமந்து மலை இறங்கும் கூலியாள் ஒருவன், சிறிது நிலம் வாங்க வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் உழைத்து, வாங்கிய நிலத்தையும் இழந்து, முடிவில் அந்நிலத்திலே நாட்டப்பட்ட காற்றாலைக்குக் காவற்காரனாக அமர்கிறான். எங்கள் பள்ளத்தாக்கிற் பொழுது புலருமுன் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்டிருள் என் அன்னையாரும் ஒருவர். அப்படத்தை அவர் கண்டபோது, "நம்ம சனம் நடந்த மாதிரியே நடக்கிறான்" என்று மட்டும் சொன்னார். நான் படித்த மதிப்புரைகளுள் இதனினும் சிறந்தது ஒன்றில்லை. 'கடைசி விவசாயி' (2022) படத்திலும் நல்லாண்டி என்னும் முதிய உழவரே தலைவர். இவர் பக்கத்தில் வந்துபோகும் இராமையா.

இனி, யான் இறுதிக்கென வைத்த வேடத்திற்கு வருவேன். அதே 2022-இல் வெளிவந்த 'மாமனிதன்' படத்தின் களம் பண்ணைப்புரம். எங்கள் ஊரிலிருந்து தொலைவன்று. கதைத்தலைவன் இராதாகிருஷ்ணன் ஆட்டோ ஓட்டுபவன். பிள்ளைகளை நல்ல பள்ளியிற் சேர்க்க விரும்பி நிலத்தரகில் இறங்குகிறான். ஊரார் அவனை நம்பிப் பணம் தர, நில வணிகன் அப்பணத்துடன் மறைந்துவிடுகிறான். பழி இவன் தலைமேல் விழ, மனைவி மக்களை விட்டு ஊரைவிட்டே போகிறான்.

என் தந்தையாரும் ஆட்டோ ஓட்டுபவர். பள்ளி நாளில் அவர் என்னை வாயில்வரை கொண்டுவந்து விடுவதை யான் விரும்பியதில்லை. சற்றுத் தொலைவில், புளியமரத்தடியிலேயே இறக்கிவிடுமாறு கேட்பேன். காரணம் வினவாமல் அவரும் நிறுத்துவார். படிவங்களில் தந்தையின் தொழில் என்னும் இடத்திற் 'சுயதொழில்' என்று எழுதிவந்தேன்.

அப்படத்தைக் கம்பத்தில் மூவரும் கண்டு, ஆட்டோவிலேயே வீடு திரும்பினோம். வழியில் அன்னையார், "புள்ளைகளைப் போட்டுட்டு ஓடுனவன் எப்படி மாமனிதன் ஆவான்?" என்றார். தந்தையார் வாய் திறக்கவில்லை. மறுநாள் விடியலில் அன்னையார் ஜீப் ஏறிச் சென்றபின், வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த அவருக்கு யான் வாளியில் நீர் கொணர்ந்தேன். துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"தம்பி, நானும் ஒருநாள் அப்படிக் கெளம்புனவன்தான். நீ ரெண்டாப்புப் படிக்கையில சீட்டுல பணம் போச்சு. நான் சொல்லித்தான் நாலுபேர் கட்டியிருந்தாக. கம்பம்மெட்டு வரைக்கும் போயிட்டேன். அங்க ஒரு டீ குடிச்சேன். தோட்டத்துலருந்து திரும்புற ஜீப்பு நின்னுச்சு, ஏறிட்டேன். நம்ம தெருப் பொம்பளைக, 'எங்கண்ணே போயிட்டு வர்றீக?'ன்னு கேட்டாக. சவாரி பேசப் போனேன்னு சொன்னேன்."

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?" என்றேன்.

"கேட்டதில்ல" என்று கூறி, கண்ணாடியைத் துடைக்கலானார்.

அந்நால்வர்க்கும் பட்ட கடனை அவர் ஆறாண்டுகள் இரவுச் சவாரி ஓட்டி அடைத்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். யான் அவரைப் புளியமரத்தடியில் நிற்கச் சொன்ன நாட்களும் அவ்வாறாண்டுகளுக்குள் அடங்கியவையே.

'மாமனிதன்' குறையற்ற படம் என்று யான் வாதிடவில்லை. என் அன்னையார் எழுப்பிய வினாவிற்கு அதனில் நிறைவான விடை இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆயினும், இராதாகிருஷ்ணனைக் குற்றமற்றவனென்றும் காட்டாமல், கயவனென்றும் தள்ளாமல், அஞ்சிய மனிதனாகவே விஜய் சேதுபதி நம்முன் நிறுத்தினார். அதனாலன்றோ, பல ஆண்டுகளாக ஒருவர்க்கும் சொல்லாத ஒன்றைச் சொல்ல என் தந்தையார்க்கு வாய் வந்தது! திரையில் ஒருவன் ஓடிப்போனதைக் கண்டவர், தாம் திரும்பி வந்ததை மகனுக்குச் சொன்னார். நடிப்புக் கலையின் பயன் யாது என்று தேர்வில் வினவினால் யான் இதனையே எழுதுவேன். மதிப்பெண் கிடைக்குமோ அறியேன்.

இக்கல்லூரியிற் சேர்ந்த நாளில் படிவம் ஒன்றை என் கையிற் கொடுத்தனர். தந்தையின் தொழில் என்னும் இடத்தில் 'ஆட்டோ ஓட்டுநர்' என்று எழுதினேன். படிவத்தை வாங்கிய எழுத்தர் அதனைப் பாராமலே முத்திரையிட்டு, "அடுத்தவர் வருக" என்றார். தந்தையார் வாயிலருகே வண்டியுடன் நின்றிருந்தார்.