பெரிய கிராணியார்

தோட்டத்திலே கிராணி என்பது அச்சத்துக்குரிய பெயர். துரையின் கட்டளையை ஆங்கிலத்திற் கேட்டுத் தமிழில் அதட்டுபவர் அவர். செக்குரோலில் அவர் பேனா சறுக்கினால் ஒரு குடும்பத்தின் சம்பளம் சறுக்கும். அத்தகைய நாற்காலியில் நாற்பதாண்டுகளுக்கு மேல் அமர்ந்தும், லயத்து மக்களின் அன்பையே ஈட்டிச் சென்ற ஒருவரைப்பற்றி இங்கு எழுத விழைகின்றோம். அவர் நம் தாயாருடன் பிறந்தவர், நமக்கு அம்மான். ஜோகூர் மாநிலத் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக இருந்தார். 2008-இல் நாம் அங்கே சின்னக் கிராணியாய்ச் சேர்ந்து, மூன்றாண்டுகள் அவரருகே பணியாற்றினோம். 2019-இல் சிங்கப்பூரில், தம் மகள் இல்லத்தில் அவர் காலமானார்.

வீட்டில் அவர் நமக்கு மாமா, ஆபீசில் ஐயா. வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே அதை வரையறுத்துவிட்டார். "மாப்பிள்ளை, இந்த வாசலுக்குள்ளே நீ எனக்கு உறவில்லை. வெளியே வெயிலில் நிற்கிறானே, அவன்தான் நம் இருவருக்கும் உறவு" என்றார். வெறும் பேச்சோடு நில்லாதவர் அவர். முன்னெல்லாம் தொழிலாளர் ஆபீசுக்குள் நுழைவதில்லை. சன்னலுக்கு வெளியே நின்று குனிந்தபடியே குறையைச் சொல்லவேண்டும். அம்மான் பெரிய கிராணியானதும், பழைய ஆயாக்கொட்டகையில் கிடந்த பெஞ்சு ஒன்றைத் தூக்கிவரச் செய்து தம் மேசைக்கெதிரே போட்டார். வந்தவர் அமர்ந்த பிறகே அவர் பேனாவைத் திறப்பார். காசு செலவில்லாத இச்சீர்திருத்தத்துக்கு நம் தோட்டம் எத்தனை தலைமுறை காத்திருந்தது என்பதை நினைத்தால் நாணமே உண்டாகின்றது.

அவரது அன்புக்கு ஒரு காரணம் இருந்தது. 1957 ஆகஸ்டு 31-இல் மலாயா விடுதலை பெற்றபோது, அதற்கு முன் பிறந்தோர் பலர் மனுச்செய்துதான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. எழுத்தறியாதவரும், பிறப்புப் பத்திரம் இல்லாதவரும், எடுத்துச்சொல்ல ஆளில்லாதவரும் வாளாவிருந்தனர். 1969 மே மாதக் கலவரத்திற்குப் பின், குடியுரிமையற்றோர் வேலைசெய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தமிழர் வேலையிழந்து கப்பலேறினர். பதினெட்டு வயதில், அப்போதுதான் ஆபீசில் சேர்ந்திருந்த அம்மானுக்குக் கிடைத்த முதல் எழுத்துவேலை, நிறுத்தப்பட்டோர் பெயர்களைப் பட்டியலிடுவதே. தம்மோடு ஓடியாடி விளையாடியவர்களின் பெயரையும் அவர் தம் கையாலேயே எழுதினார். "ஒரு தாள் இல்லாத குற்றத்துக்கு ஊரே போயிற்று" என்று பின்னாளில் சொல்லுவார்.

அன்று முதல் அவர் ஒரு தனி நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். லயத்தில் குழந்தை பிறந்தால் நாள், நேரம், தாய் தந்தையர் பெயர், மருத்துவச்சி பெயர் அனைத்தும் அதிலேறும். தகப்பன் சோம்பினால் அவரே கையைப் பிடித்துப் பதிவு அலுவலகத்துக்கு இட்டுச்செல்வார். பள்ளிச் சேர்க்கைக்கும் அடையாள அட்டைக்கும் அந்நோட்டைப் பார்த்து வந்தவர் பலர். ஊழியர் சேமநிதி 1951-இலேயே ஏற்பட்டதாயினும், அப்பணம் உரியவர் கைக்கு வர எழுத்துப்பிழை ஒன்றே தடையாகிவிடும். இறந்துபோன பால்வெட்டுப் பெண் ஒருத்தியின் பெயர் செக்குரோலில் ஒருவிதமாகவும், அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தமையால், அவள் பிள்ளைகள் எட்டு மாதம் அலைந்தனர். அம்மான் விடுப்பெடுத்துக்கொண்டு நான்கு முறை அவர்களுடன் சென்று பணத்தை மீட்டார். பேருந்துக் கட்டணமும் அவருடையதே.

2011-இல் ஓய்வுபெற்று, சிங்கப்பூர் ஈசூனில் வாழ்ந்த மகளிடம் போய்ச்சேர்ந்தார். இனி ஓய்வார் என்று எண்ணினோம். ஞாயிறுதோறும் அவர் சிராங்கூன் சாலைக்குப் புறப்பட்டார். அன்று தேக்காவைச் சுற்றியுள்ள தெருக்களும் திடல்களும், தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் கப்பற்பட்டறை வேலைக்கும் வந்த இளைஞர்களால் நிறைந்திருக்கும். அவர்களிடையே அம்மான் போய் அமர்ந்துகொள்வார். முதலில் ஊர்க்கதை, பிறகு சம்பளச்சீட்டு. 2016 ஏப்ரல் முதல் முதலாளிகள் விவரமான சம்பளச்சீட்டுத் தரவேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் விதித்தது. சீட்டு கையில் இருந்தும் அதைப் படிக்கத் தெரியாதவர்க்கு, அடிப்படைச் சம்பளம் எது, மிகைநேர ஊதியம் எத்தனை மணிக்கு, பிடித்தம் எதற்கு என்று ஒவ்வொரு வரியாய்க் கணக்குப்போட்டுக் காட்டுவார். கணக்கு ஒத்துவராதபோது, முறையிடுவது எவ்வாறு என்றும் எழுதிக்கொடுப்பார்.

நாம் ஜோகூர்க் கடற்பாலம் கடந்து அவரைக் காணச் சென்ற நாட்களில், நம்மையும் பக்கத்தில் அமர்த்திக் கூட்டற்கணக்குப் போடவைப்பார். அவ்வட்டாரத்தில் பழங்காலத்தே மாட்டு வாணிபம் நடந்ததன் நினைவாக இன்றும் பஃபலோ சாலை என்ற பெயர் நிலைத்திருக்கின்றது. அப்பெயர்ப்பலகையைச் சுட்டி ஒருநாள், "எருமைக்கு இங்கே தெருவில் பெயர் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்குச் சீட்டிலாவது சரியான பெயர் இருக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்டாய் எரியகத்தில் அவரது இறுதிச்சடங்கு நடந்தது. தோட்டத்திலிருந்து ஒரு வண்டி நிறைய மக்கள், எல்லைச் சோதனையில் இரண்டு மணிநேரம் காத்திருந்து வந்தனர். அவர் நோட்டில் பிறப்பெழுதிய பிள்ளைகள் இருவர், இப்போது ஆசிரியர்கள், முன்னின்று தூக்கினர். பின்வரிசையில், நமக்குப் பழக்கமில்லாத இளைஞர் பன்னிருவர் நின்றனர். அரைநாட் சம்பளத்தை விட்டு வந்தவர்கள். "தாத்தா எங்கள் ஊரா?" என்று ஒருவர் நம்மைக் கேட்டார். உறவு இன்னதென்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. ஆம் என்றோம்.

இன்று நம் தோட்டத்தில் கித்தா போய்ச் செம்பனை நிற்கின்றது. லயத்துத் தமிழர் பலர் நகரம் புகுந்தனர். செக்குரோலில் இந்தோனேசியர் பெயரும் வங்கதேசத்தார் பெயரும் பெருகியுள்ளன. அவற்றை வாய்க்கு வந்தபடி எழுதிவிடுதல் எளிது, கேட்பாரும் இல்லை. ஆயினும், புதிதாக வருபவரை அந்தப் பெஞ்சில் அமரச்சொல்லிக் கடவுச்சீட்டை வாங்கி, எழுத்தெழுத்தாய்ப் பார்த்து எழுதுகின்றோம். எழுதியதை அவர்க்கே வாசித்தும் காட்டுகின்றோம். ஆங்கிலம் நாலெழுத்துக் கற்று மேசைக்குப் பின்னே அமர்ந்துள்ள நம்போன்றோர்க்கு, அம்மான் விட்டுச்சென்ற சொத்து இவ்வளவே. அதைச் செலவழிக்கச் செலவழிக்கத்தான் அது நம்மிடம் நிற்கும்.